பாதிப் பாட்டுக்கு ஒரு பட்டிமன்றம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பத்து மூன்று வருடங்களாக ஒரு பாட்டை நான் பாதிதான் கேட்டிருக்கிறேன். பாதி கேட்டதுகூடப் பெரிய குற்றமில்லை. அந்தப் பாட்டு முடிகிற அழகைப் பற்றி, கிடைத்தவரையெல்லாம் பிடித்து நிறுத்திப் பிரசங்கம் செய்திருக்கிறேன். கல்யாணப் பந்தியில் செய்திருக்கிறேன். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பல் டாக்டரிடம் செய்திருக்கிறேன். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட.

இந்த வண்டவாளம் வெளியே வந்தது போன பொங்கலுக்கு. மந்தைவெளியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருக்க, மாலை ஐந்தரை மணிக்கு. ஒளிந்துகொள்ள இருட்டுகூட வராத நேரம்.

ஒரு விஷயம். இதில் வருகிற ராக் இசைக்குழுக்களின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்கள் கட்சி பிரிந்துவிடுவார்கள். மேலே சொன்ன பல் டாக்டர் எங்கள் நான்காவது மாடியில்தான் இருக்கிறார், அறுபதுகளின் கட்சி. அவர் ஏற்கெனவே என்னோடு லிஃப்டில் ஏறுவதில்லை. இருக்கிற பகை போதும்.

நான் எழுபதுகளின் கட்சி. கல்லூரியில் சேர்ந்த வருடம், தி. நகரில் பாண்டி பஜார் பக்கம் ஒரு மாடியில் ரெக்கார்டிங் கடை இருந்தது. வேண்டிய ஆல்பத்தின் பெயரைச் சொல்லி, காலி கேசட்டையும் கொடுத்துவிட்டு வந்தால், நான்கு நாளில் பதிவு செய்து வைத்திருப்பார்கள். சீனியர் ஒருவர் சொன்ன ஆல்பத்தின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனேன். என் கையில் இருந்தது அறுபது நிமிட கேசட். அந்த ஆல்பமோ அறுபது நிமிடத்துக்குள் அடங்கக்கூடியதில்லை. இந்தக் கணக்கு எனக்கு அன்று தெரியாது. கடையில் இருந்த அண்ணன் ஏதோ சொன்னார். நான் பெரிய ரசிகனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, என்ன சொல்கிறார் என்று கேட்காமலேயே தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அந்த கேசட்டின் கடைசிப் பாட்டுதான் கதாநாயகன். மெதுவாகத் தொடங்கும். கிடார் ஒவ்வொரு படியாக ஏறும். கூடவே குரலும் ஏறும். உச்சியில் பாடகர் ஒரு சொல்லைத் தொடங்கி, அந்தச் சொல்லின் நடுவிலேயே நிறுத்திவிடுவார். அவ்வளவுதான். நிசப்தம். பிறகு டேப் ரெக்கார்டரின் பட்டன் 'டக்' என்று மேலே எழும்பும்.

சொல்லின் நடுவில் பாட்டு நின்றால், டேப் தீர்ந்துவிட்டது என்று நினைப்பவன் மனிதன். நான் ரசிகன். 'சொல்ல முடியாத சோகம், அதனால்தான் சொல்லையே பாதியில் விட்டுவிட்டான்' என்று கண்ணீர் விட்டேன். பாட்டு முடிகிற நொடியும் டேப் முடிகிற நொடியும் ஒன்றாக இருந்ததே, அதற்கும் விளக்கம் வைத்திருந்தேன். ரெக்கார்டிங் அண்ணன் அப்படிப்பட்ட கைகாரர், நொடி பிசகாமல் அளந்து பதிவு செய்திருக்கிறார் என்று அவருக்கும் சேர்த்துப் புகழ் பாடினேன்.

இத்தனை வருடத்தில் ஒருமுறையாவது முழுப் பாட்டு காதில் விழுந்திருக்காதா என்று கேட்பீர்கள். விழாது. அது ரேடியோவில் போடுகிற பாட்டு இல்லை. கேசட் தேய ஆரம்பித்ததும் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து அதையே சிடியாக மாற்றினேன். பிறகு சிடியிலிருந்து பென் டிரைவ். நான் வீடு மாறியபோதெல்லாம் வெட்டுப்பட்ட பாட்டும் என்னோடு குடி மாறியது. 'போனில் கேட்பதெல்லாம் ஒரு பாட்டா, என் பதிவில் இருக்கும் சூடு அதில் வருமா?' என்று வேறு பெருமை.

இப்போது என் மகளுக்கு வருகிறேன். அவளுக்கு இருபத்து நான்கு வயது. வேளச்சேரியில் வேலை. அவள் எட்டாம் வகுப்பு படித்தபோது ஒருநாள், முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்து, "அப்பா, இதைக் கேளேன்" என்று அவளுக்குப் பிடித்த ஒரு புதிய குழுவின் பாட்டைப் போட்டாள். அரை நிமிடம் கேட்டிருப்பேன். வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். எனக்கு நாக்கு அரித்தது. "சமையலறையில் மிக்ஸி மூடி திறந்துகிடக்கு போல, யாராவது போய்ப் பாருங்க" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து அவள் காதில் இயர்போன் ஏறியது. அதன்பிறகு ஒரு பாட்டைக்கூட என்னிடம் கொண்டுவந்ததில்லை. நான் என் பாட்டைப் போட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். சண்டையெல்லாம் இல்லை. சாப்பிட்டாயா, ரயில் கிடைத்ததா, எல்லாம் பேசுவோம். பாட்டு மட்டும் எங்கள் நடுவில் இல்லாமல் போனது.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான். கேட்டால் கொடுத்திருப்பாளோ என்னவோ. நான்தான் கேட்கிற வழியில் கேட்காமல், பட்டிமன்றம் போட்டு ஜெயித்து வாங்கலாம் என்று கிளம்பினேன்.

எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு பொங்கலுக்கும் பட்டிமன்றம் உண்டு. வழக்கமான தலைப்பு, குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா. முந்தின வருடம் மேடையில் தொடங்கிய வாக்குவாதம் இரண்டு வீடுகளில் மாசி மாதம்வரை தொடர்ந்ததால், தலைப்பை மாற்றும் முடிவுக்குச் செயலாளர் வந்திருந்தார். மூன்று வருடமாக நான் கொடுத்துவந்த மனு அப்போதுதான் பலித்தது. 'எந்தப் பத்தாண்டின் ராக் இசைக்குழு தலைசிறந்தது?' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அறுபதுகளுக்குப் பல் டாக்டர். எழுபதுகளுக்கு நான். எண்பது, தொண்ணூறுகளுக்கு ஆளுக்கொருவர். இரண்டாயிரத்துக்குப் பின் வந்தவர்களுக்கு யாரும் பெயர் கொடுக்கவில்லை. கடைசி நாள் சாயங்காலம் என் மகள் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் வாயைக் கொடுத்தேன்.

"நான் ஜெயிச்சா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் நீ எங்கூட உக்காந்து எழுபதுகள் கேக்கணும். டீலா?"

"நான் ஜெயிச்சா?"

"நீ எப்படிடி ஜெயிப்ப?"

"ஜெயிச்சா, என் லிஸ்ட் மொத்தமும் நீ கேக்கணும். முழுசா. வாயே தொறக்கக் கூடாது."

என் மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அவதான் ஜெயிக்கணும். கபாலி கோயில்ல நெய் விளக்கு ஏத்தறேன்."

அதற்குப் பிறகு நான் தயாரான விதத்தைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பத்து நாள் விடியற்காலை எழுந்து, அடையாறு பாலம்வரை நடந்துகொண்டே பேசிப் பழகினேன். தினமும் அலுவலகம் போகிற பறக்கும் ரயிலில், மடியில் பையை வைத்து விரல்களால் டிரம்ஸ் வாசித்து மனப்பாடம் செய்தேன். ஒருநாள் பட்டினப்பாக்கத்து மீன்கார அம்மா ஒருவர், காலிக் கூடையோடு எதிரில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா நைனா, கை இழுத்துக்கினு கீது? சாவி எதுனா குடுக்கவா?" என்றார். வலிப்பு என்று நினைத்துவிட்டார். நான் ஒன்றுமில்லை என்று சிரித்துவிட்டுத் தொடர்ந்தேன். அவ்வளவு வைராக்கியம்.

பட்டிமன்ற நாள் வந்தது. நடுவர், இரண்டாவது மாடி மாமி. மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்து, கணக்கு டீச்சராக ஓய்வு பெற்றவர். ஐம்பது வருடமாகக் கச்சேரி கேட்பவர். ராக் என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட முயலவில்லை.

"இதோ பாருங்கோ, நேக்கு இது ஒண்ணுமே தெரியாது. தெரியாதவா நடுவரா இருந்தாத்தான் நியாயம் கிடைக்கும். யார் வேணா கத்துங்கோ. ஏழு மணிக்குச் சக்கரைப் பொங்கல் ஆறிடும், அதுக்குள்ள கத்தி முடிங்கோ" என்று தொடங்கிவைத்தார்.

பல் டாக்டர் அறுபதுகள்தான் எல்லாவற்றுக்கும் வேர் என்றார். எண்பதுகள்காரர் கிடார் இல்லாமலேயே கிடார் வாசித்துக் காட்டி, மைக் வயரில் தடுக்கி விழப் பார்த்தார். தொண்ணூறுகள்காரர் கட்டம்போட்ட சட்டையில் வந்து சோகமாகப் பேசி, சோகமாகவே இறங்கினார். என் மகள் நான்கு நிமிடம்தான் பேசினாள். யாரையும் மட்டம் தட்டவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் மார்க் குறைந்து, யாரோடும் பேசாமல் இருந்த நாட்களில் எந்தக் குழு அவளைத் தினமும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்தது என்று மட்டும் சொன்னாள். அந்த நாட்களில் நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். எனக்கு அது தெரியாது. கைதட்டல் பலமாக இருந்தது. நான் கலங்கவில்லை. என்னிடம் பிரம்மாஸ்திரம் இருந்தது.

பிரம்மாஸ்திரம் பென் டிரைவில் இருந்தது. ஒலிபெருக்கிக்காரர் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்தவர். அதை இரண்டு முறை செருகிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சார், இது எடுக்க மாட்டேங்குது. பாட்டு பேரச் சொல்லு, போன்ல தேடிப் போட்டு வுடறேன்."

"சவுண்டு நல்லா வருமா?"

"மயிலாப்பூர் குளம் வரிக்கும் கேக்கும் சார்."

மேடை ஏறினேன். பதினைந்து நிமிடம் முழங்கினேன். கடைசியில், "இனி நான் பேசப் போவதில்லை. ஒரு பாட்டு பேசும். அதன் முடிவைக் கேளுங்கள். ஒரு சொல்லின் நடுவில் நிற்கும். உலகத்தில் வேறு எந்தக் குழுவுக்கும் அந்தத் துணிச்சல் வந்ததில்லை" என்றேன்.

அப்போதுதான் என் மகள் எதிர் மேசையிலிருந்து தலையை ஆட்டினாள். நான் கவனிக்காததுபோல இருந்தேன். எழுந்து மேடையோரம்வரை வந்துவிட்டாள்.

"அப்பா, இது வேணாம்ப்பா. வேற பாட்டு போடு."

"பயந்துட்டியா?"

"ப்ளீஸ்ப்பா. சொன்னாக் கேளு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? மைக்கைப் பிடித்து, "எதிரணி நடுங்குவதைப் பாருங்கள்!" என்றேன். கூட்டம் சிரித்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினாள்.

பாட்டு தொடங்கியது. எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னேன். பாதிப் பேர் மூடினார்கள், மீதிப் பேர் போனைப் பார்த்தார்கள். கிடார் ஏறியது, குரல் ஏறியது. அந்தச் சொல் வந்தது. முப்பத்து மூன்று வருடப் பழக்கத்தில் மூச்சைப் பிடித்து, கண்ணை மூடி, வலது கையை வானத்துக்கு உயர்த்தி, "நிசப்தம்!" என்றேன்.

பாடகர் அந்தச் சொல்லைச் சர்வ சாதாரணமாகச் சொல்லி முடித்தார். அடுத்த நொடி டிரம்ஸ் இடித்தது. இடி என்றால் அப்படி ஒரு இடி. நான் உயர்த்திய கையைப் பார்த்த ஒலிபெருக்கிக்காரர், சவுண்டை ஏற்றச் சொல்கிறேன் என்று புரிந்துகொண்டு முழுதாகத் திருகிவிட்டார். நிறுத்தியிருந்த கார் ஒன்று அலற ஆரம்பித்தது. தெருநாய்கள் கூடவே பாடின.

கை மேலேயே இருந்தது. இறக்க மறந்துவிட்டேன். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. டிரம்ஸ் தனியாக, பிறகு கிடாரோடு சண்டை, பிறகு இரண்டும் சமாதானம், அதன் மேல் குரல் திரும்பவும் வந்து உட்கார்ந்தது. நாலு நிமிடத்துக்கு மேல் இருக்கும். எனக்குப் பிடித்த பாட்டிலேயே எனக்குத் தெரியாத ஒரு வீடு இருந்தது. அதன் வாசற்படியில்தான் இத்தனை வருடமும் குடியிருந்திருக்கிறேன்.

கடையில் அந்த அண்ணன் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. 'கடைசிப் பாட்டு கட் ஆகும் தம்பி, பரவால்லியா?'

பாட்டு முடிந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என்னிடம் இரண்டு பொய்கள் தயாராக இருந்தன. இது வேறு பதிப்பு என்று சொல்லலாம். ஒலிபெருக்கிக்காரர் தப்பான பாட்டைப் போட்டுவிட்டார் என்றும் சொல்லலாம். இரண்டாவது நல்ல பொய், மாட்டிக்கொள்ள வாய்ப்புக் குறைவு. மகளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கைவிரல்களை நெரித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் மேடையில் தடுக்கி விழுந்து எழுந்திருக்கப் போவதைப் பார்ப்பதுபோல.

கையை இறக்கினேன். "நான் சொன்ன முடிவு என் கேசட்டின் முடிவு. இந்தப் பாட்டின் மறுபாதியை உங்களோடு சேர்ந்து இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறேன்" என்று மைக்கில் சொன்னேன்.

அதன்பிறகு எழுந்த சிரிப்பு போல நான் சொன்ன எந்த நகைச்சுவைக்கும் எழுந்ததில்லை. பல் டாக்டர் நாற்காலியிலிருந்து சரிந்தே போனார். சிரிக்காதவர் மாமி ஒருவர்தான். அவர் தொடையில் தாளம் போட்டு விரல் மடக்கி ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனி ஆவர்த்தனம் மாதிரின்னா வாசிச்சுட்டான்! இவர் சொன்ன இடத்துல நின்னிருந்தா இது அத்தனையும் போயிருக்குமே" என்றார். கடைசியில் தீர்ப்பும் சொன்னார். "எழுபதுகளோட குழுதான் ஜெயிச்சுது. வக்கீல் தோத்துட்டார். பாட்டு தானே வாதாடி ஜெயிச்சுடுத்து. வாங்கோ, பொங்கல் ஆறறது."

கூட்டம் சாப்பிடப் போனது. நானும் மகளும் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தோம்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ம்."

"எப்பலேர்ந்து?"

"எட்டாவதுலேர்ந்து. நீ மிக்ஸின்னு சொன்னியே, அதுக்கு மறுநாள். அப்படி உன் பாட்டுல என்னதான் இருக்குன்னு பார்க்கலாம்னு, நீ பேசற குழு எல்லாத்தையும் கேட்டேன். மூணு மாசம் ஆச்சு."

இயர்போனுக்குள் ஓடியது அவள் பாட்டு என்று நினைத்திருந்தேன். மூன்று மாதம் என் பாட்டு ஓடியிருக்கிறது. என் கட்சியின் ஆல்பங்களை என்னைவிட முழுதாகக் கேட்ட ஒருத்தி, பதினோரு வருடமாக என் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏண்டி சொல்லல? இன்னிக்கு உன் பேச்சுலயே என்னை வெச்சு செஞ்சிருக்கலாமே. நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன்."

"தெரியும்" என்றாள். ஒரு நாற்காலியைத் தூக்கி அடுக்கின் மேல் வைத்தாள். "அந்த இடம் வந்தா நீ கண்ணை மூடிக்குவ. அப்போ மட்டும்தான் நீ பேசாம இருப்ப. அதுக்கு மேலயும் பாட்டு இருக்குன்னு எப்படிப்பா சொல்றது?"

நான் அடுத்த நாற்காலியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

தீர்ப்புப்படி ஜெயித்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைகள் என்னுடையவை. மறுநாள் காலை அவள் கேட்கவும் செய்தாள், எந்த ஆல்பத்தில் தொடங்கலாம் என்று. நான் முந்தின இரவே முடிவு செய்துவிட்டிருந்தேன்.

"உன் லிஸ்ட்டக் குடு" என்றேன்.

"நீதான ஜெயிச்ச?"

"மாமி சொன்னது காதுல விழலையா? வக்கீல் தோத்தாச்சு. குடு."

நாற்பது பாட்டுகள். முதல் ஞாயிறு கூடத்தில், அவள் பக்கத்தில், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டிலேயே மிக்ஸி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். நாலாவது பாட்டில் காலை ஆட்டினேன், அதற்குத் தடையில்லை. ஏழாவது பாட்டில் டிரம்ஸ் வாசிப்பவர் வேண்டுமென்றே ஒரு மயிரிழை பின்தங்கி வருவதைக் கவனித்தேன். அடடா, இதைப் பற்றி மட்டும் இருபது நிமிடம் பேசலாமே என்று உடம்பெல்லாம் பதறியது. பேசவில்லை. என் மனைவி இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். மூன்றாவது முறை வந்து, எனக்கு உடம்பு சரியில்லையா என்று மகளிடம் விசாரித்துவிட்டுப் போனாள்.

அன்று பன்னிரண்டு பாட்டுகள் ஓடின. எல்லாம் பிடித்துவிட்டது என்று சொன்னால் அது அடுத்த பொய். மூன்று பிடித்தன. அதில் ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பில் அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவைத்த குழுவின் பாட்டு. பிடித்திருக்கிறது என்று அவளிடம் அப்போதே சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்ததுதான் நான் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலை. இப்போதெல்லாம் எதைப் பற்றியாவது உறுதியாகப் பேச வாயெடுக்கும்போது, இதில் நான் கேட்காமல் விட்ட பாதி எதுவாக இருக்கும் என்று ஒரு நொடி தயங்குகிறேன். அந்த ஒரு நொடிக்காக எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் இன்னொரு முறை கையைத் தூக்கிக்கொண்டு நிற்கலாம் என்று தோன்றுகிறது.

பன்னிரண்டாவது பாட்டு முடிந்ததும் பொறுக்க முடியாமல், "எப்படி இருந்துதுன்னு இப்ப சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"இன்னும் இருபத்தெட்டு இருக்கு."